ஆறுதலாகக் கிடைத்த விருதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கோரல்

அனுப்புபவர்:
திருமதி க. சண்முகவடிவு,
பொறுப்பாளர், பிள்ளைக்காம்பரா,
கிரேன்லோ தோட்டம், மேற்பிரிவு,
வட்டகொடை.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
லின்மோர்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர் அவர்கள்

விடயம்: 16.08.2025 அன்று தங்கள் கையால் எனக்கு வழங்கப்பட்ட "சிறந்த விஞ்ஞானப் புனைகதை" விருதையும் பின்னர் அனுப்பப்பட்ட சான்றிதழையும் இரத்துச் செய்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் அநேகமானவை கிடைக்காததைக் கேட்பவையாகவே இருக்கும். வீடு கட்டக் காணி, பாதைக்குக் கொங்கிரீட், குழாய்க்குத் தண்ணீர். நானும் இதற்கு முன் இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். குழாய் வந்துவிட்டது, அதற்கு நன்றி. இந்த மனு, கிடைத்த ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதப்படுவது. இதைத் தங்களைக் குறைகூறும் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்பு எங்கள் பக்கம்தான் தொடங்கியது. ஆனால் அதைத் திருத்தும் அதிகாரம் தங்கள் பேனாவில் மட்டுமே இருக்கிறது.

2. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச்செல்லும் முப்பத்தொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மதியம் அவர்கள் தூங்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் விஞ்ஞானக் கதை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம் ஐயா. என் கணவர் கணேசமூர்த்தி சிரிக்க வேண்டிய அளவு ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்.

3. "மலையக விஞ்ஞானப் புனைகதை வாசகர் கூடல்" என்பது ஏழு வருடங்களுக்கு முன் ஹட்டனில், ஒரு டியூசன் வகுப்பறையில், பதினொரு பேரோடு தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். எங்களுக்கு நிரந்தரத் தலைவர் கிடையாது. அடுத்த கூடல் எந்த ஊரில் என்று வாக்கெடுப்போம். தெரிவாகும் ஊர்க்காரர் ஒரு வருடம் எல்லாவற்றையும் நடத்துவார்கள். முடிந்ததும் விதிப் புத்தகமும் வாக்குப் பெட்டியும் விருதும் அடங்கிய தகரப் பெட்டியை அடுத்த ஊர்க்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதவியில் ஒட்டிக்கொள்ள ஆசைப்படுபவர் யாராவது வந்தாலும், ஒட்டிக்கொள்ள அங்கே ஒரு நாற்காலி இல்லை. இந்த வருடம் பெட்டி வட்டகொடையில் இருந்தது. இப்போது விருது இல்லாமலே நோட்டன் பிரிட்ஜுக்குப் போய்விட்டது.

4. விதியை மாற்றுவதும் அவ்வளவு இலேசான காரியமில்லை. ஒரு கூடலில் நிறைவேறும் தீர்மானம், அடுத்த வருடம் வேறு ஊரில் கூடும்போது மறுபடியும் நிறைவேறினால்தான் விதியாகும். எந்த ஊரில் கூடுகிறோமோ அந்த ஊர் ஆட்களே மண்டபத்தில் அதிகம் இருப்பார்கள் என்பதற்காக இந்த ஏற்பாடு. பொல்பிட்டியவில் ஒருமுறை, கதையின் சிக்கலைச் சாமி வந்து தீர்க்கக் கூடாது என்று பெரும்பான்மையாகத் தீர்மானித்தார்கள். அடுத்த வருடம் ஹட்டனில் ஒரு பெரியவர் எழுந்து, "சாமி கும்பிடாம இங்க பஸ்ஸே எடுக்க மாட்டாங்க, ராக்கெட்டு மட்டும் கெளம்புமாங்க?" என்று கேட்டார். தீர்மானம் அத்தோடு விழுந்தது. எனக்கு அந்தத் தீர்மானத்தில் விருப்பம் இருந்தது. ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான்.

5. இனி விருதுக்கு வருகிறேன். சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குச் சீட்டு. அதில் அந்த வருடத்துக் கதைகள் ஐந்தின் பெயரும், ஆறாவதாக "யாருக்கும் இல்லை" என்ற வரியும் இருக்கும். ஆறையும் விருப்ப வரிசைப்படி இலக்கமிட வேண்டும். எண்ணும்போது மிகக் குறைந்த வாக்குப் பெற்றதை நீக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் மிஞ்சுகிற இரண்டில் எது கூடவோ அதுவே முடிவு. "யாருக்கும் இல்லை" வென்றால் அந்த வருடம் யாருக்கும் இல்லை. விருது பெட்டிக்குள் போய்விடும். அதன் அடிக்கட்டையில் அந்த வருடத்துக்கான பித்தளைத் தகடு பெயரில்லாமல் அடிக்கப்படும்.

6. இது கொஞ்சம் கல்நெஞ்சான விதி என்று தங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கத்து விளையாட்டுப் போட்டிகளுக்குத் தாங்கள் பலமுறை வந்திருக்கிறீர்கள். ஓடியவருக்கும் பரிசு, ஓடி விழுந்தவருக்கும் பரிசு, ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரு சவர்க்காரப் பெட்டி. அதில் குற்றமில்லை. ஆனால் எங்கள் சனத்துக்கு ஆறுதல் பரிசுகள் நிறையவே கிடைத்துவிட்டன ஐயா. ஒரு இடத்திலாவது, கிடைத்தால் அது தகுதிக்குக் கிடைத்ததாக இருக்கட்டும் என்று அந்தப் பதினொரு பேரும் முதல் நாளே எழுதி வைத்தார்கள். எனக்கு இந்தக் கூடலில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

7. இந்த வருடம் நான் அனுப்பிய கதையின் பெயர் "முப்பது கோப்பை". தொண்ணூறு வருடம் பயணம் செய்யும் ஒரு விண்கலம். அதில் உறங்க வைக்கப்பட்ட நானூறு பிள்ளைகள், விழித்திருக்கும் ஒரு ஆயம்மா. இயந்திரம் பழுதாகிறது, பிள்ளைகளை எழுப்ப வேண்டிய நிலை. ஒரு வேளைக்கு முப்பது கோப்பைப் பால்தான் இருக்கிறது. யாரை முதலில் எழுப்புவது? இருபத்திரண்டு பக்கம் வரை நானே மெச்சும்படி எழுதினேன். கடைசி நாளுக்கு முதல் வாரம் பிள்ளைக்காம்பராவில் ஏழு பேருக்குக் காய்ச்சல். தபால் நேரம் தப்பிவிடும் என்ற பயத்தில், பூமியிலிருந்து இன்னொரு கப்பல் பால் மாவோடு வந்து சேர்வதாக எழுதி, உறையை ஒட்டிவிட்டேன். கூடலில் கதைகளை அலசும் வேளையில் நான்கு பேர் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசிப் பக்கத்தில் அந்தப் பால் எங்கிருந்து வந்தது? வெட்கமாக இருந்தது, அதோடு சந்தோசமாகவும் இருந்தது. நான் எழுதியதை இவ்வளவு கவனமாக யாரும் அதுவரை வாசித்ததில்லை.

8. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வாக்கெண்ணும் பொறுப்பிலிருந்த கேத்ரின் டீச்சர் முடிவை வாசித்தார். யாருக்கும் இல்லை, 38. "முப்பது கோப்பை", 37. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வாக்கில் தோற்றவளை நாலைந்து பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தார்கள். பிறகு எல்லோரும் தேநீருக்கும் உளுந்து வடைக்கும் பின்பக்கம் போனோம். அந்த வடையை நான் நல்ல மனநிறைவோடு சாப்பிட்டேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

9. பாதையில் மரம் விழுந்திருந்ததால் தாங்கள் மூன்றரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள். எங்கள் தப்பு இங்கேதான். எங்கள் விதிப்படி விருதை வாக்கெண்ணியவரே கொடுக்க வேண்டும். ஆனால் அழைப்பிதழை அச்சடித்த கடையில், கோயில் திருவிழா அழைப்பிதழை வைத்துப் பெயர்களை மட்டும் மாற்றினார்கள். "பிரதம அதிதி பரிசில்களை வழங்கிக் கௌரவிப்பார்" என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. ஒப்புநோக்கியது நான்தான். எல்லா அழைப்பிதழிலும் இருக்கும் வரி என்பதால் என் கண்ணுக்கு அது படவேயில்லை. தாங்களும் அதை நம்பித்தான் வந்தீர்கள்.

10. மேடையில் விருது தனியாக இருப்பதையும், கொடுக்க ஆளில்லாமல் எல்லோரும் வடை சாப்பிடுவதையும் கண்டு, எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பீர்கள். யாருக்கு எத்தனை வாக்கு என்று கேட்டீர்கள். அறிவிப்பாளர் றொனால்ட் எண்களை மட்டும் சொன்னார். அவர் ஓட்டோ ஓட்டுபவர், எந்தப் பொலிஸ்காரரோடும் மல்லுக்கு நிற்பார். ஆனால் அன்று தங்கள் முன்னால் எங்கள் விதியை விளக்க அவருக்குத் துணிவு வரவில்லை. தாங்கள் ஒலிவாங்கியை எடுத்து, "இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின ஒரு அம்மாவை வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டு, என் பெயரைச் சொல்லி அழைத்தீர்கள். அந்தக் குரலில் இருந்த பரிவை நான் மறக்க மாட்டேன்.

11. வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் எங்கள் வளர்ப்பு அப்படி. மேடையிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால் தானாக எழுந்துவிடும். கும்பிட்டு வாங்கினேன், படத்துக்கும் நின்றேன். அந்தப் படத்தில் நான் திருடியதைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத்தான் தெரிகிறேன்.

12. மூன்று நாளில் தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்றிதழ் வந்தது. பத்திரிகையிலும் செய்தி வந்தது. பிரதேச கலாசாரப் பட்டியலிலும் என் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். இதனால்தான் எனக்கு இடைஞ்சல். "யாருக்கும் இல்லை" என்பதிடம் தோற்ற கதையைத் திருத்தி அடுத்த வருடம் ஒரே ஒரு முறை மீண்டும் அனுப்பலாம். விருது பெற்ற கதையை மீண்டும் அனுப்பவே முடியாது. அதை எழுதியவரும் மூன்று வருடம் போட்டியிட முடியாது. நான் தோற்றவளா, வென்றவளா என்பதில் உறுப்பினர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். அரச முத்திரை விழுந்தபின் விருது விருதுதான் என்று ஒரு பக்கம், வாக்கு மட்டுமே கணக்கு என்று மறுபக்கம். தீர்மானம் போட்டுச் சரிசெய்வதென்றால், நான் மேலே சொன்னபடி இரண்டு கூடல் வேண்டும். அது 2027.

13. கேத்ரின் டீச்சர் விதிப் புத்தகத்தை மூன்று முறை வாசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். சான்றிதழை வழங்கியவரே அதை எழுத்தில் இரத்துச் செய்தால், கொடுத்ததே இல்லை என்று ஆகிவிடும். கதையை ஏற்றுக்கொள்ளலாம் என்று நோட்டன் பிரிட்ஜ் குழுவும் எழுத்தில் தந்திருக்கிறது. கதைகள் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் 31.10.2025.

14. எங்கள் லயத்து வீடுகளில் இதைப் பற்றிச் சொன்னபோது பக்கத்து வீட்டு வேலாயி அக்கா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "பெரிய ஐயா கையால குடுத்தத வேணாங்கிறியே, ஒனக்கு என்னாடி அம்புட்டுக் கொழுப்பு?" என்றார். கொழுப்புத்தான் போலிருக்கிறது. விருது இப்போது பிள்ளைக்காம்பரா அலுமாரியின் மேல் இருக்கிறது. அது பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் ஆவியழுத்த மானி, தேயிலைக் கட்டையில் பொருத்தியது. பிள்ளைகள் அதை ஓடாத கடிகாரம் என்று சொல்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி மணி என்ன என்று தினமும் கேட்கிறார்கள். நானும் ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லி வைக்கிறேன்.

15. ஐயா, ஒரு வாக்கில் தோற்றாளே என்றுதான் தாங்கள் இரங்கினீர்கள். ஆகவே ஒன்றைச் சொல்லாமல் இந்த மனுவை முடிப்பது நேர்மையாகாது. எழுதியவரும் வாசகர்தான், அவரும் வாக்களிக்கலாம் என்பது எங்கள் விதி. வாக்கு இரகசியமானது, ஆனால் என் வாக்கை நான் சொல்லலாம் என்று கேத்ரின் டீச்சர் உறுதிப்படுத்தினார். அந்த முப்பத்தெட்டில் ஒன்று என்னுடையது. என் கதையை இரண்டாவதாக இலக்கமிட்டேன், தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டிருந்தால் அன்று மூன்று மணிக்கே விருது என் கையில் இருந்திருக்கும். பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் கிடைக்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று என் வாழ்க்கையில் நானாக முடிவெடுத்தது அந்த ஒருமுறைதான். அரை மணித்தியாலம் கழித்துத் தாங்கள் வந்தீர்கள், என் கதையின் கடைசிப் பக்கத்தில் பால் மாவோடு வந்த கப்பலைப் போல. நல்ல மனதோடு வந்த கப்பல்தான். ஆனால் அதை நான் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

16. புதிய முடிவை எழுதிவிட்டேன். அந்த ஆயம்மா என்ன செய்வாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அது போட்டிக்குப் போகும் உரிமை ஒன்றுதான் எனக்கு வேண்டும். எனவே சான்றிதழை இரத்துச் செய்து 31.10.2025 இற்கு முன் ஒரு கடிதம் தந்துதவுமாறும், கலாசாரப் பட்டியலில் 2025ஆம் ஆண்டுக்கு எதிரே என் பெயரை நீக்கி "யாருக்கும் இல்லை" என்று பதியுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். கடிதம் கிடைத்த மறுநாளே றொனால்ட் தன் ஓட்டோவில் வந்து விருதைப் பெட்டிக்கு எடுத்துப் போவார்.

17. அடுத்த ஆகஸ்ட்டில் நோட்டன் பிரிட்ஜுக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும். இம்முறை அழைப்பிதழை அந்த ஊர்க்காரர் அச்சடித்தாலும், நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் அனுப்புவேன், அதில் பிரதம அதிதி இருக்க மாட்டார். சந்தா கட்டி, கதைகளை வாசித்து, மற்றவர்களைப் போல ஒரு வாக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் கதை பிடித்தால் ஒன்று என்று போடுங்கள். பிடிக்காவிட்டால், தயவுசெய்து இரக்கப்பட வேண்டாம்.

தங்கள் கடிதத்துக்காகத் தபால் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) க. சண்முகவடிவு

இடம்: வட்டகொடை
திகதி: 22.09.2025

இணைப்புகள்:
அ. தங்கள் முத்திரையுடன் கூடிய சான்றிதழ், மூலப்பிரதி
ஆ. நோட்டன் பிரிட்ஜ் குழுவின் கடிதம்
இ. வாசகர் கூடல் உறுப்பினர் விண்ணப்பப் படிவம் ஒன்று. பெயர் எழுதும் இடம் தங்களுக்காக வெறுமையாக விடப்பட்டுள்ளது.