வாய் திறக்காத ஜெபம்

ஸ்ரீவில்லிபுத்தூர், 1936 ஆகஸ்ட், புதன்

இல்லை, நான் தூங்கிவிடவில்லை, பேசாமல் ஜெபித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கூட்டத்தில் இன்று சங்கிலி ஜெபம். ஒருவர் ஆமென் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தொடங்குவார். என் முறையில் நான் வாய் திறக்காததால் எல்லோரும் என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் சபை உபதேசியார் மனைவி கண்ணைத் திறந்து, "ஏட்டி, ராஜபாளையத்துல ரோமன் கோயிலுக்குப் போறியாமே? அங்க வாயைத் தச்சு அனுப்புதாகளோ?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் கணவர் ஒரு வார்த்தை சொன்னால் என் மிஷன் பள்ளிக்கூட வேலை போய்விடும்.

போனது உண்மை. பேசாமல் உட்கார அந்தக் கத்தோலிக்கக் கோயிலில் இடம் இருந்தது. ஆனால் அதை அம்மாவிடம் மட்டுமே சொல்லியிருந்தேன்.

அம்மா இன்னும் படுக்கவில்லை. கதவுக்கு அப்பால் வளையல் சத்தம் கேட்கிறது. அவள் காதில் விழும்படி சத்தமாக ஜெபித்தேன். இதுவும் உபதேசியார் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.