நோன்பு நேரத்தில் போட்ட கோடு

கடலூர் ஓ.டி.
ஞாயிறு

அன்பு மகள் அல்மாஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அத்தாவும் நலம், நலம் என்ற இந்த வார்த்தையை இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன். உன் இருமல் விட்டதா? கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வரப்போகிறாய் என்று அத்தா சொன்னார். வராதே. ஃபோனில் நீ அழுதால் சரி வா என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுதாகப் படி.

ஆபரேஷன் பலிக்கவில்லை என்று அத்தா உன்னிடம் சொன்னது சிதம்பரத்தில் டாக்டர் சரண்யா காட்டிய தாளை வைத்து. அரிசி அளவு இருக்க வேண்டிய பாராதைராய்டு சுரப்பி எனக்குக் கழுத்தில் புளியங்கொட்டையாக வீங்கி, எலும்பிலிருந்த கால்சியத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாள் கொடுத்தார்கள். அசதி, தலைவலி, எலும்பு வலி, மறதி, தாகம், உட்கார்ந்தால் எழச் சிரமம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. இடது முனை என்றால் இல்லவே இல்லை, வலது முனை என்றால் தாங்க முடியவில்லை, நமக்கு எவ்வளவோ அந்த இடத்தில் பேனாவால் கீற வேண்டும். அது ரம்ஜான் மாதம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியும் நான் நோன்பை விடவில்லை. தாகம் என்றதும் அத்தா சிரித்துக்கொண்டே, நோன்புல தாகம் இல்லாமலா இருக்கும், ஊருக்கே இருக்கறதுதானே என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நோன்பைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று தாகம், அசதி, தலைவலி எல்லாவற்றையும் இடது ஓரத்திலேயே கீறினேன். எலும்பு வலியையும் அப்படித்தான், வீட்டு வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் இவ்வளவு வலிக்கும் என்றே நினைத்திருந்தேன்.

ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச நாள் கழித்து அதே தாளைத் திரும்பவும் கொடுத்தார்கள். அதற்குள் வலி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கால் கனக்கவில்லை, படித்த பக்கம் மறுநாளும் நினைவிருக்கிறது. அதனாலேயே மிச்சமிருந்த முழங்கால் வலியும் முதுகு வலியும் பளிச்சென்று தெரிந்தன, நடுக்கோட்டைத் தாண்டிக் கீறினேன். கூட்டிப் பார்த்தால் முன்னைவிட அதிகம். ரத்தத்துல கால்சியம் சரியாயிடுச்சு, தாள்ல மட்டும் ஜாஸ்தியா வருதேம்மா என்று டாக்டர் குழம்பினார். அத்தா அங்கிருந்தே உனக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

போன வியாழக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் முதல் தாளைத் திருத்த வேண்டும் என்றேன். பழச மாத்தக் கூடாதும்மா, மாத்துனா அப்புறம் எதுக்கு அளக்கறோம் என்றார் டாக்டர். நியாயம்தான், ஆனால் நான் விடவில்லை. இரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து தொழுதவள் இப்போது தரையில் தொழுகிறேன், நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன், இது உங்கள் கோட்டில் எங்கே என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் புர்காவை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நம் அம்மாவா என்று உனக்குச் சிரிப்பு வரும். வாசலில் முறைக்குக் காத்திருந்த மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்தி, யக்கா, எனக்கும் இந்த ஆபரேசன்தான், பயந்துகிட்டுக் கெடக்கேன், இன்னொருவாட்டி எந்திரிச்சிக் காட்டு என்றாள். காட்டினேன். டாக்டர் முதல் தாளின் ஓரத்தில், நோன்பிருக்கும்போது குறித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உன் ரஃபீக் மச்சான் நெல்லிக்குப்பத்தில் பழைய கார் ஒன்று வாங்கினான், அன்றைக்கே கரும்பு டிராக்டர் உரசிவிட்டது, விசாரித்தால் சிரிக்காமல் பேசு. இருமலை அங்கே எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். வேலையை விடாதே. அடுத்த ரம்ஜானுக்கு லீவு போட்டு வா, என்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், என் பக்கத்தில் நின்று தொழ வா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் தருவானாக.

துஆவுடன்,
உன் அம்மா
சுல்தானா

என் தொழுகை நாற்காலியில் இப்போது அத்தாதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். திருப்பிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.