நான்காம் நாள் உபயம், தனி ஆள் பெயரில்

ஆனி 26, செவ்வாய்

விடியற்காலையில் மழை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களம் முழுதும் சேறு. ரப்பர் மரம் நனைந்ததால் இன்று பால் வெட்டு இல்லை. தாய்மார்கள் எல்லாரும் லயத்து அறைகளில் சும்மா உட்கார்ந்து கதை. ஆனாலும் பிள்ளைகளை வழக்கம்போல் ஆயாக்கொட்டகையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதினான்கு தொட்டில். ஒன்று ஓய்ந்தால் ஒன்று ஆரம்பிக்கிறது. பெற்றவர்கள் கதை பேச, பெறாதவள் தாலாட்டு.

செய்ய வேண்டியது:
தொட்டில் துணி துவைக்க (வெயில் வந்தால்)
விளக்கெண்ணெய்
பெரிய கங்காணியிடம் உபயம் பேச்சு

மூன்றாவதை முதலில் முடிக்கலாம் என்று போனேன். ஆடி இரண்டாம் வாரம் மாரியம்மன் திருவிழா, ஐந்து நாள். நாளுக்கு ஒரு குடும்பம் உபயம். பூ, படையல், கஞ்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பூசை முடிந்ததும் பூசாரி அவர்கள் பெயரையும் வேண்டுதலையும் அம்மனிடம் சொல்லித் தட்டைக் கையில் கொடுப்பார். நானும் இத்தனை வருடம் அடுத்த வீட்டுத் தட்டையே கும்பிட்டாயிற்று. நான்காம் நாளை எனக்குக் கொடுங்கள் என்றேன்.

பெரிய கங்காணி (இனி பெ.க., பென்சில் குட்டையாகிவிட்டது) வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரோட சேந்து?"

"நான் மட்டுந்தான்."

"ஒத்த ஆளாவா?"

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறேனே, அது பத்தாதா?"

சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிப்பது எப்படியென்று தெரியும். வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்பார்.

சாயங்காலம் மீன் விற்கும் சைக்கிள்காரரிடம் கானாங்கெளுத்தி ஒன்று. புளி ஊற்றிக் குழம்பு. தலையும் எனக்கு, நடுத்துண்டும் எனக்கு, வாலும் எனக்கு. பக்கத்து அறை முனியம்மா வீட்டிலும் இன்று மீன்தான். தலை புருஷனுக்கு, நடுத்துண்டு பிள்ளைகளுக்கு, சட்டி கழுவுவது அவளுக்கு.

ஆனி 27, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது. மானம் காய்ந்தது.

காலையிலேயே முனியம்மா கோபமாக வந்தாள். "என்னாக்கா, பக்கத்து ரூம்புல இருக்குறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"என்னத்தடி சொல்லணும்?"

"கல்யாணத்த."

பிறகுதான் விளங்கியது. இந்தத் தோட்டத்தில் தனி ஆள் உபயம் கேட்டது ஒரே ஒரு முறைதான். போன வருடம் ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். அவருக்கு அப்போது பெண் நிச்சயமாகியிருந்தது. ஆகையால் தனி ஆள் உபயம் கேட்டால் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். நாற்பத்து மூன்று வயதில் எனக்குக் கல்யாணம். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை யார் என்பதில்தான் சண்டை. மதியத்துக்குள் சேர்ந்தவர்கள்:
ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டுச் சமையல்காரர். பல் இல்லை.
பூசாரி. மனைவி உயிரோடு, திடமாக இருக்கிறாள்.
பத்து பாகாட் டவுனில் ஒரு துணிக்கடைக்காரர். யாரென்று எனக்கே தெரியாது. வசதியானவராம். விசாரிக்க வேண்டும்.

ஆனி 28, வியாழன்

மேகமூட்டம். கங்காணியம்மா ஆயாக்கொட்டகைக்கே வந்துவிட்டார், பெ.க.வின் மனைவி. தொட்டில்களுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம்.

"ஆடி பொறக்க மூணு நாளுதான் இருக்கு தங்கம். பொறந்துட்டா பேசக்கூடாது. அதுக்குள்ள வாக்குக் குடுத்துப்புடுவோம், ஆவணியில முகூர்த்தம்."

"யாருக்கும்மா?"

"சிரிக்காத. பக்கத்துத் தோட்டத்துல மாட்டுவண்டி ஓட்டுறாரே சின்னசாமி, பொண்டாட்டி போயி நாலு வருசமாச்சு. தங்கமான மனுசன்."

"தங்கம் நான் ஒருத்தி போதும்மா தோட்டத்துக்கு."

அதற்கும் சிரிக்கவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். தம்பதியாக நின்றால்தான் தட்டு. தனியாக நிற்கிற பெண் கையில் தட்டுக் கொடுத்த வழக்கம் நம் கோயிலில் கிடையாது. கல்யாணம் வேண்டாமென்றால் அவரும் பெ.க.வும் எனக்காக நின்று வாங்கிக்கொள்வார்களாம். என் பூ, என் படையல், நான் காய்ச்சிய கஞ்சி. தட்டு மட்டும் அவர்கள் கையில், பெயரும் அவர்கள் பெயர். பெரிய மனசு.

இந்த வருடம் ஏன் உபயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பல் ஏற்றியபோது முதல் பட்டியலில் என் பெயர் இருந்தது. பாவம் தனிக்கட்டை, எங்கே இருந்தாலும் ஒன்றுதானே என்று எழுதிவிட்டார்கள். ஆயா இல்லாமல் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தாய்மார்கள் ஆபீஸ் வாசலில் போய் நின்ற பிறகு என் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு காலையில் கண்விழித்துக் கூரைத் தகரத்தைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வருகிறது. இங்கேதான் இருக்கிறேன் என்று. பாயில் குறுக்கே படுத்து, கையை ஒரு பக்கம், காலை ஒரு பக்கம் நீட்டி, அப்படியே கொஞ்ச நேரம். அதற்குத்தான் உபயம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனி 29, வெள்ளி

தூறல். தலைவலி. பைப்படியில் என்னைக் கண்டதும் பேச்சு நிற்கிறது. முனியம்மாவின் கடைக்குட்டிக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. அதைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. எந்தக் கலர் சேலை என்கிறார்கள்.

ஆனி 30, சனி

மதியம் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் பஸ்ஸில் பத்து பாகாட். யார் கண்ணிலும் படாமல் சீனர் கடையில் ஒரு கோப்பி, கால்மேல் கால் போட்டு, அவசரமில்லாமல். காற்றாடிக்குக் கீழே இடம். கடைக்காரத் தவுக்கே மேசையைத் துடைத்துக்கொண்டே "லாக்கி அடா?" என்றார். புருஷன் உண்டா என்று அவருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. "லாக்கி தாக் அடா. ரொட்டி அடா?" என்றேன், புருஷன் இல்லை, ரொட்டி உண்டா என்று. அவர் ஒருவர்தான் இந்த வாரத்தில் சிரித்தது. ரொட்டியில் வெண்ணெய் கூடத் தடவிக் கொடுத்தார்.

பச்சை ரவிக்கைத் துணி வாங்கினேன். கல்யாணத்துக்கு என்று பேச்சு வரும். வரட்டும்.

ஆனி 31, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சின்னசாமி வந்தார். புது வேட்டி, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. முன்னால் கங்காணியம்மா வெற்றிலைத் தட்டோடு. பின்னால் லயம் முழுதும். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, என் அறையில்.

அவரோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். பைப்படி வரை நடந்தோம். பார்க்கலாம், கேட்க முடியாத தூரம்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு இதுல விருப்பமா?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"எனக்கு இல்லீங்க."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "எனக்கும் இல்ல. வேட்டி எடுத்துக் குடுத்துட்டாங்க, வராம இருக்க முடியல. ரெண்டு மாடு இருக்கு. அதுங்ககிட்ட பேசிக்கிட்டு நல்லாத்தான் இருக்கேன்."

"திருப்பிப் பேசாதுல்ல."

"அதாங்க."

வேண்டாமென்று யார் சொல்வது என்று யோசித்தோம். நான் சொன்னால் கங்காணியம்மா விடமாட்டார். அடுத்த ஆளைப் பிடித்து வருவார். "நான் சொல்லிக்கிறேன், ஆம்பள சொன்னா கேட்டுக்குவாங்க" என்றார். நல்ல மனிதர். வேட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆடி 1, திங்கள்

மழை. நல்ல மனிதர் என்று நேற்று எழுதியதை அடித்துவிட வேண்டும்.

என்னை வேண்டாமென்றதற்கு அவர் சொன்ன காரணங்கள் (முனியம்மா மூலம்):
வாய் நீளம்.
சொன்ன வயதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது.
நடந்தால் தரை அதிர்கிறது.

மூன்றாவதை மாட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார். பைப்படி வரை மெதுவாகத்தானே நடந்தேன்.

இப்போது லயம் முழுதும் என்மேல் இரக்கம். எழவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி முனியம்மா ரசம் கொண்டுவந்தாள். நல்ல ரசம். குடித்தேன்.

சாயங்காலம் பெ.க. கூப்பிட்டனுப்பினார். குரலில் தேன். "மனச விட்டுறாத தங்கம். கல்யாணம் கூடி வரணும்னு வேண்டுதல் வச்சா, ஒத்தப் பொம்பளையும் நின்னு தட்டு வாங்கலாமாம். பூசாரி சொல்றாரு. வேண்டுதல அவரே சொல்லிக்குவாரு. நீ வாய மூடிக்கிட்டு நின்னாப் போதும்."

வாயை மூடிக்கொண்டு. நான்.

தலையாட்டிவிட்டு வந்தேன். நாள் கிடைத்துவிட்டது, தட்டு என் கைக்கு வரும், பெயர் தனியாகச் சொல்வார்கள். ஒரு வரிதானே பொய்.

ஆடி 6, சனி

வெயில். வாங்கியவை: பச்சரிசி, வெல்லம், தேங்காய், பயறு. மல்லிகைக்குச் சொல்லியாயிற்று. ரவிக்கை தைத்து வந்தது. கை கொஞ்சம் இறுக்கம்.

அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கப்பல் பட்டியலில் எழுதியவனும் பாவம் தனிக்கட்டை என்றுதான் எழுதினான். இப்போது அதையே அம்மன் முன்னால் சொல்லுவார்கள், நான் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் தட்டு கங்காணியம்மா கைக்குப் போகும். கையில் முள் குத்தினால் எடுத்துவிடலாம்.

ஆடி 11, வியாழன்

காலையில் மேகம், பிறகு கொளுத்தும் வெயில். விடிவதற்குள் கஞ்சி அடுப்பு பற்றவைத்தேன். முனியம்மா தேங்காய் துருவினாள். உச்சிப் பூசைக்குத் தோட்டம் முழுதும் கூட்டம். பச்சை ரவிக்கை.

பூசாரி கற்பூரம் காட்டி முடித்துத் தட்டை எடுத்தார். "நாலாம் நாள் உபயம், ஆயா தங்கம். அவளுக்கு நல்ல புருசன் ஒருத்தன் அமையணும் தாயே..."

"பூசாரி, அது என் வேண்டுதல் இல்ல."

வாய் தானாகத் திறந்துகொண்டது. உடுக்கை நின்றது.

"பின்ன என்ன வேண்டுதல்?"

"ஒண்ணும் இல்ல."

பின்னால் கங்காணியம்மா குரல்: "வாய மூடிக்கிட்டு நில்லுன்னு சொன்னமா இல்லியா."

பூசாரிக்குக் கோபம் வரவில்லை. குழம்பிப்போய்விட்டார். "ஒண்ணும் கேக்காம ஆத்தாகிட்ட நான் என்னன்னும்மா சொல்றது? கேக்கணும். இல்லாட்டி கேட்டது கெடச்சிருக்கணும். உனக்கு என்ன கெடச்சுது?"

நிறையச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மீன் தலை, பாய், கோப்பி எல்லாம். வந்தது இவ்வளவுதான்: "இங்கதான் இருக்கேன். நல்லா இருக்கேன். அதுக்குத்தான்."

பூசாரி பெ.க.வைப் பார்த்தார். பெ.க. மனைவியைப் பார்த்தார். தட்டு பூசாரி கையில்தான். திரும்ப வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்திருக்கவில்லை.

பூசாரியும் காலையில் பால் மரம் வெட்டுகிறவர்தான். அவர் தம்பி அந்தக் கப்பலில் போனவன். அம்மன் பக்கம் திரும்பினார்.

"தாயே, தங்கம் வந்திருக்கா. ஒத்தையாத்தான் வந்திருக்கா. நல்லா இருக்காளாம். கேக்க ஒண்ணுமில்லியாம். சொல்லிப்புட்டேன், கேட்டுக்க."

தட்டைக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. கங்காணியம்மா கஞ்சிக்கு வரவில்லை. பெ.க. இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

ஆடி 12, வெள்ளி

மூட்டமாக இருக்கிறது, மழை இல்லை. இடுப்பு வலி. கஞ்சிப் பானை அடிப்பிடித்துவிட்டது, மணல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பைப்படியில் முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க வந்தாள். ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டாள். பிறகு மெதுவாக, "ஏக்கா, அடுத்த வருசம் நானும் ஒருநாளு ஒத்தையா நின்னு தட்டு வாங்கலாமா?"

"உனக்குப் புருஷன் இருக்கான்டி."

"இருக்காரு. அதனால என்னா?"

அவள் புருஷன் வாளியோடு வந்தான். பானையைப் பற்றிப் பேசினோம்.