ஒல்லியின் முந்நூறு கிராம்

மார்ச் 3

எங்கள் நாய் ஒல்லி 14.2 கிலோ. குட்டியாக வந்தபோது அப்பா வைத்த பெயர். இப்போது தெருவில் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது. பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்திருக்கிறது. 12 கிலோவுக்கு இறங்கினால்தான் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்வேன் என்கிறார் நாய் டாக்டரம்மா. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் கிடக்கின்றன. "கொழுப்பு கரையணும், சதை கரையக் கூடாது. அதனால புரதம் தூக்கலா இருக்கணும்." புரத டின் உணவு, நாளுக்கு முந்நூறு கிராம். வேறு எதுவும் கூடாது.

மார்ச் 4

அப்பாவின் பிஸ்கட் டப்பாவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். காலை டீயோடு அவருக்குப் பாதி, நாய்க்குப் பாதி - ஆறு வருஷக் கூத்து. "வீட்டுக்குள்ளயே ஜெயிலாடா?" ஆமாம்.

மார்ச் 17

13.8. எண் பொய் சொல்லாது.

மார்ச் 19

டின் கிடைக்கவில்லை. அதே கம்பெனியின் உலர் உருண்டை ஒரு மூட்டை வாங்கினேன். டின்னில் புரதம் பத்து சதவீதம், இதில் முப்பத்தைந்து! அந்தம்மா இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? முந்நூறு கிராம் நிறுத்துப் போட்டேன். "கிண்ணம் வழியுதேடா" என்றார் அப்பா. பருமன் வேறு, நிறை வேறு என்று விளக்கினேன். கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்ப்பது என் பிழைப்பு. எனக்கே பாடமா?

ஏப்ரல் 2

14.4. எப்படி?

"நான் ஒண்ணும் குடுக்கலடா."

"அப்ப காத்தைக் குடிச்சா ஊதுது?" கத்திவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்தார்.

ஏப்ரல் 9

14.9. இன்றும் தெருமுனை டீதான். அப்பாவோடு வீடியோ காலில் பேசிய அக்கா, "அவர் முகமே சுண்டிப்போச்சுடா, கொஞ்சம் விட்டுப்பிடி" என்கிறாள். விட்டுப்பிடிக்க இதென்ன பட்டமா? ஆபரேஷன் மேசை மேலேயே ஒல்லிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் அழுவது? இந்த மனுஷன்தானே!

ஏப்ரல் 10

டாக்டரம்மா என் போனில் மூட்டையின் படத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "தம்பி, டின்ல முக்கால்வாசி தண்ணி. அதைக் கழிச்சா ரெண்டுலயும் ஒரே புரதம்தான். மூணு மடங்கு சாப்பாடு போட்டிருக்கீங்க! இதுல தொண்ணூறு கிராம் போதும்."

அப்பா பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்து ஒல்லியின் காதைச் சொறிந்தார். திட்டியிருக்கலாம். கிண்ணம் வழியுதுன்னு அன்னைக்கே சொன்னாரே - நான் காதுல வாங்கினேனா?

ஏப்ரல் 11

மன்னிப்புக் கேட்க வரவில்லை. சாவியை அவர் முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டார். "நீயே வச்சுக்க. அது மூஞ்சியைப் பாத்தா என் கை என் பேச்சைக் கேக்காது."

மே 21

13.6. மெதுவாக. எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக.

ஜூலை 23

11.9. திங்கட்கிழமை ஆபரேஷன்.

காலையில் டீயை நானே போட்டேன். டப்பாவைத் திறந்து அப்பாவின் தட்டில் ஒரு பிஸ்கட் வைத்தேன். பக்கத்தில், தொண்ணூறு கிராமிலிருந்து எடுத்த நாலு உருண்டை.

"இது யாருக்குடா?"

"உங்க கூட்டாளிக்கு."

அவர் ஒரு கடி, அது ஓர் உருண்டை. செருப்பு வாசலிலேயே கிடந்தது.