மருந்து ஊற்றாத என்ஜின்

10-4-56, செவ்வாய்
விடியலிலிருந்து மூடுபனி. என்ஜின் கிளப்ப மூன்று தடவை. கறுப்புப் புகை. எண்ணெய் பிரஷர் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

பத்து மணிக்குத் தோட்டத்துத் துரை வந்தார். கூடவே கொழும்பிலிருந்து ஒரு கம்பெனிக்காரர், கையில் ஒரு டின். எண்ணெயோடு கலந்து ஊற்றினால் இரும்போடு இரும்பு உரசாதாம், தேய்மானம் குறையுமாம். பார்த்தேன். கரியைக் கரைத்தது போல ஒரு குழம்பு. எண்ணெய்த் தொட்டியின் அடியில் நாலு வருஷத்துக் கசடு கிடக்கிறது, கழுவாமல் ஊற்றினால் மருந்து கசடைக் கிளப்பிச் சல்லடையை அடைத்துவிடும் என்றேன். தேயிலைக் கொழுந்து குவிகிற மாதத்தில் என்ஜினை நிறுத்த முடியாதாம். கம்பெனிக்காரர் சிரித்தார். டின்னை என் கையில் கொடுத்து ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டு வருஷம் இந்த என்ஜினோடு கிடக்கிறேன். நேற்று வந்த டின்னுக்குத்தான் மரியாதை.

14-4-56, சனி
வருஷப் பிறப்பு. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு லீவு. தொழிலாளர் லயத்துப் பக்கம் மேளம். நான் மட்டும் என்ஜின் அறையில். தொட்டியைக் கழற்றினேன். களி மாதிரிக் கசடு, இரண்டு வாளி. சல்லடையில் பாதி அடைப்பு. கழுவிப் புது எண்ணெய் விட்டேன். முதுகு போய்விட்டது.

வாங்க: மண்ணெண்ணெய் ஒரு போத்தல், சாக்கு, சின்னவளுக்கு இருமல் மருந்து.

கழுவிய பிறகு டின்னை ஊற்றியிருந்தால் கெடுதல் இல்லை. ஒருவேளை நல்லதாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு. வடிகால் கானில் கவிழ்த்துவிட்டேன். மழைத் தண்ணீரோடு போய்விட்டது.

18-4, புதன்
மழை. என்ஜின் சத்தமே மாறிவிட்டது. புகை இல்லை. மருந்து ஊற்றினாயா என்று துரை கேட்டார். ஊற்றினேன் என்று வாயில் வந்துவிட்டது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் எழுதப் போகிறாராம். கீழ் ஸ்டோருக்கும் ஒரு டின் வரவழைக்கிறாராம்.

கீழ் ஸ்டோர் என்ஜினைப் பார்ப்பது அந்தோணி. என் தங்கை ரீத்தாவின் புருஷன்.

28-4, சனி
தலவாக்கலை. பஸ் நிற்குமிடத்தில் அந்தோணி. பக்கத்தில் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர். காதில் விழுந்ததையெல்லாம் துரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்.

"மச்சான், டின்னு வந்திருச்சி. நீங்க ஊத்துனீங்கதானே?"

டீமேக்கர் என்னையே பார்த்தார்.

"ஊத்துனேன்."

"அப்ப நானும் ஊத்திர்றேன்."

தொட்டியைக் கழுவிவிட்டு ஊற்று என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. இல்லை. பஸ் வர ஐந்து நிமிஷம் இருந்தது.

30-4, திங்கள்
அந்தோணியைப் பார்க்கப் போகவில்லை. மழை.

3-5, வியாழன்
கீழ் ஸ்டோர் என்ஜின் நின்றுவிட்டது. பேரிங் உருகி ஒட்டிக்கொண்டது. ஓடினேன். சல்லடையில் ஓட்டையே தெரியவில்லை, அவ்வளவு கசடு. எண்ணெய் மேலே போகவே இல்லை. நான் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. சொன்னது பலித்ததற்காக இவ்வளவு எரிச்சல் எனக்கு வந்ததில்லை.

கொழுந்தெல்லாம் தரையில் புளிக்கிறது. அந்தோணியை என்ஜின் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே மருந்தில் மேல் ஸ்டோர் என்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆகவே கீழே ஆள்தான் சரியில்லையாம்.

அவன் கை துடைத்துக்கொண்டே இருந்தான்.

4-5, வெள்ளி
துரையின் ஆபீஸ். எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியது, கவிழ்த்தது, பொய் சொன்னது.

"அன்னைக்கி ஊத்தினேன் சொன்ன. இன்னைக்கி ஊத்தல்ல சொல்ற. எந்தப் பேச்சு நம்புறது?"

"அன்னைக்கிச் சொன்னதுதாங்க பொய்."

மச்சானைக் காப்பாற்ற வந்திருக்கிறாய் என்றார். பாராட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்குவாரா? என் என்ஜின் தொட்டியைத் திறந்து பாருங்கள், மருந்தின் கரி இருக்காது என்றேன். நேரமில்லையாம். திங்களிலிருந்து அந்தோணி கவ்வாத்து மலைக்கு, தேயிலைச் செடி வெட்ட. கீழ் என்ஜினையும் நானே பார்க்கவேண்டுமாம்.

கத்தவேண்டும் போலிருந்தது. சலாம் வைத்துவிட்டு வந்தேன்.

6-5, ஞாயிறு
பூசை முடிந்து அந்தோணியின் லயத்துக் காம்பராவுக்கு. ரீத்தா முகம் கொடுக்கவில்லை. அந்தோணியிடம் உண்மையைச் சொன்னேன். துரைக்கு எத்தனை சொல்லியும் ஏறாதது அவனுக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நான் கேட்டேனே, மச்சான்."

நாளைக்கு நான் கீழே போகமாட்டேன், முடியாது என்று துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"போங்க. வேற எவனாவது வந்தா அந்த என்ஜின கொன்னுருவான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டாவது வால்வு கொஞ்சம் தட்டும், பயப்பட வேண்டாம். குளிரில் கிளப்பும்போது அவசரப்படக்கூடாது. தண்ணீர்க் குழாயில் ஒரு கசிவு, துணி சுற்றியிருக்கிறது. நான் பென்சில் எடுத்து எழுதிக்கொண்டேன். ரீத்தா புதுக் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.