அம்மா யானை வரும் ஸ்டேஜ்

நைனா,

நேற்று ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டேஜ் முடிந்து கதை சொல்லும் படம் வந்ததும், என்னவென்றுகூடப் பார்க்காமல் கட்டைவிரலால் தள்ளிவிட்டாள். அப்படித் தள்ளிவிடுவதில் உன்னைவிட வேகமான கையை நான் பார்த்ததில்லை. வந்த ரயிலில் ஏறாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா இருந்த கடைசிப் பொங்கலுக்கு, பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தார். நீ ஷிப்டுக்குப் போயிருந்தாய். நாங்கள் மூவரும் ஒரு யானைக்குட்டி கார்ட்டூன் படம் பார்த்தோம். பாதியில் தாய் யானை, குட்டியைக் காப்பாற்றப் போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்துவிடும். "புள்ளைங்க படத்துல இன்னாத்துக்கு இத்தெல்லாம் வெக்கிறான், கட்டையில போறவன்!" என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். அடுத்த ஆடிக்குள் மஞ்சள்காமாலை அவளையே கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

என் எதிரில் நீ அழவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்றுவிட்டுக் கோவில்பதாகை வீட்டுக்கு வருவாய், சோறு வடிப்பாய், எனக்குக் கோணல்மாணலாகப் பின்னல் போடுவாய். நான் பேசாமலே கிடக்கிறேன் என்று பர்மா பஜாருக்குப் போய் டிவி கேம் ஒன்றும் ஒரு கேசட்டும் வாங்கி வந்தாய். அட்டையில் யானைக்குட்டி சிரித்தது; அதைப் பார்த்து எடுத்துவிட்டாய். அது அந்தப் படத்தின் கேம் என்று உனக்கு எப்படித் தெரியும்?

படத்தில் ஒன்றரை மணி நேரம் சொன்ன கதை, கேமில் வெறும் ஓட்டமும் தாவலும். வாழைப்பழம் பொறுக்க வேண்டும், முதலை முதுகில் குதிக்க வேண்டும். படத்தில் குட்டிக்குச் சிநேகிதனாக இருந்த குரங்கு, கேமில் காரணமே இல்லாமல் தேங்காயை வீசியது. கதை என்றால் ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் ஒரு படம், கீழே நமக்குப் புரியாத இரண்டு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான். மூன்றாம் ஸ்டேஜ் முடிந்ததும் தாய் யானை பள்ளத்தில் கிடக்கும் படம் வந்தது. முதல் தடவை உன் முகம் வெளுத்துப்போனது. அதற்கப்புறம் அந்தப் படம் எட்டிப் பார்ப்பதற்குள் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிடுவாய்.

குட்டியும் அதே மாதிரிப் பள்ளத்தில்தான் விழும். விழுந்தால் என்ன, விட்டுவிட்டு மின்னிக்கொண்டே எழுந்து நிற்கும்.

"நைனா, குட்டிக்கு மூணு உசுரு குட்த்துக்கீறான். அதோட அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு?"

நீ டிவியைப் பார்த்தபடியே, "கடசி ஸ்டேஜ்ல வந்துரும் கண்ணு. அதுக்குத்தான் அத்த இம்மாங் கஷ்டமா வச்சிக்கீறான்" என்றாய்.

நம்பினேன் நைனா. தாய் யானை வந்துவிட்டால் நம் அம்மாவும் வந்துவிடுவாள் என்று நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் முதலிலிருந்து ஆடுவோம். கடைசி ஸ்டேஜ் வந்ததும், "இது கஷ்டம், நான் ஆடுறேன் குடு" என்று வாங்கிக்கொள்வாய். அருவி தாண்டும் இடத்தில் மூன்று உயிரையும் விடுவாய். இரும்பை நூலளவு பிசகாமல் கடைகிற கை, அந்த ஒரு பள்ளத்தில் மட்டும் தவறாமல் விழும்! "அட போ நைனா, ஒனுக்கு ஆடவே வர்ல!" என்று கத்துவேன். "வுடு கண்ணு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சிரிப்பாய்.

காலாண்டு லீவில் ஒருநாள் நீ வேலைக்குப் போனதும் தனியாக ஆடினேன். அருவியைத் தாண்டிவிட்டேன். குட்டி பாறைமேல் ஏறித் தும்பிக்கையைத் தூக்கியது. குரங்கு வந்தது, முதலைகூட வந்தது. அம்மா வரவில்லை. யார் யார் பெயரோ மேலே போனது. கடைசிப் பெயர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு திரும்பவும் முதல் ஸ்டேஜ் வந்து நின்றது.

என் அழுகை கேட்டு சரோஜா அக்கா ஓடிவந்தார். டிவியைப் பார்த்தார். "நீயுமா? வாங்கியாந்த மறுவாரம், நீ ஸ்கூலுக்குப் போனப்பறம் ஒங்க நைனா இத்த ஆடி முட்ச்சிட்டு, இப்டித்தான் ஒக்காந்து அழுதுகினு கெடந்தாரு."

அடுத்த ஞாயிறு நீ வழக்கம்போல வாங்கிக்கொண்டாய், வழக்கம்போல விழுந்தாய். நான் கத்தவில்லை. "பரவால்ல நைனா, மறுபடி மொதல்லேர்ந்து ஆடலாம்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாய்.

அடாப்டர் எரிந்துபோகும்வரை அப்படியே ஆடினோம். எனக்குக் கல்யாணம் ஆனது, நீயும் அம்மா போன இடத்துக்கே போய்விட்டாய். சொல்லாமலே விட்டதை இப்போது சொல்கிறேன்: நான் அதை முடித்துவிட்டேன் நைனா. என் மனசு நோகக் கூடாதென்று நீயும், உன் மனசு நோகக் கூடாதென்று நானும் பார்த்துப் பார்த்து நடந்ததில், அம்மாவுக்காக நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சேர்ந்து அழவில்லை. அந்த அழுகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தனியாக அழ எனக்குத் தெரியவில்லை.