அட்டையில் உள்ள குழந்தையும் மடியில் உள்ள குழந்தையும் ஒருத்திதான்

அனுப்புநர்:
குழந்தையின் தாய்மாமன்,
தையல் கடை உரிமையாளர் (இயந்திரங்கள் இரண்டு, ஓடுவது ஒன்று),
மருத்துவமனைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: குணமாகி வரும் குழந்தையை வேறு குழந்தை என்று திருப்பி அனுப்பியது – நான்காம் ஊசியை உடனே போடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எட்டாம் வகுப்போடு ஆசிரியர்களே போதும் என்று வழியனுப்பி வைத்த அளவுக்குப் படித்தவன் நான். என் தங்கை மகள், கழுத்தின் இடப்பக்கம் பெரிய கட்டியோடு பிறந்தாள். நிணநீர்க் கட்டி என்றார் தங்கள் மருத்துவர். தோலுக்கடியில் நீர் நிறைந்த பைகளாம். நரம்புகளுக்கு நடுவே இருப்பதால் அறுக்காமல், ஊசியால் நீரை எடுத்து, மருந்தைச் செலுத்திச் சுருங்க வைக்கலாம் என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

2. இதுவரை மூன்று ஊசிகள். போட்டவர் மருத்துவர், தைரியம் கொடுத்தவன் நான். முதல் ஊசியன்று நான் மயங்கி விழுந்ததாகத் தங்கை சொல்வதை நம்ப வேண்டாம். சற்று அவசரமாக உட்கார்ந்தேன், அவ்வளவே. ஒவ்வொரு முறையும் சில நாள் வீங்கி, பிறகு வாராவாரம் வடிந்தது.

3. நேற்று நான்காம் ஊசி. பதிவு ஜன்னல் எழுத்தர், அட்டையில் ஒட்டியிருந்த பிறந்த வாரத்துப் படத்தைப் பார்த்தார். மடியில் இருந்தவளைப் பார்த்தார். "வேற பாப்பாவைக் காட்டி ஏமாத்தாதீங்க சார். கட்டி இருக்கிற பாப்பா எங்க?" என்றார். "அது பூசணிக்காய் பெரிசு இருந்துச்சுங்க, ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவோம்" என்று விளக்கினேன். அதன்பின் அவர் சுத்தமாக நம்பவில்லை. மருத்துவரோ அறுவை அரங்கில் இருந்தார். எங்கள் முறை போய்விட்டது.

4. என் தங்கை கோபப்படவில்லை, ஐயா. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கட்டி எங்கே என்று ஒருவர் தேடுவதைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்தவள் அவள்.

5. ஆனாலும் நாக்கின் அடியில் ஒரு பை மிச்சமிருக்கிறது. சளி பிடித்தால் அது வீங்கி மூச்சை அடைக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அடுத்த முறை ஆறு வாரம் கழித்தாம். இன்று காலை குழந்தை இரண்டு தும்மல் போட்டாள். இரண்டுதான், இதில் நான் எதையும் கூட்டவில்லை.

6. சாட்சியாக, நான் தைத்த இரண்டு சட்டைகளை இணைத்துள்ளேன். முதலாவது பிறந்த மாதத்தது: கழுத்துச் சுற்று பதினான்கு அங்குலம், இடப்பக்கம் தோள்வரை திறந்து நாடா வைத்தது. இரண்டாவது போன வாரத்தது: ஒன்பது அங்குலம், பட்டன் வைத்த காலர். என் வாய் கூட்டிச் சொல்லும், ஐயா. அளவு நாடா சொல்லாது.

ஆகவே இந்த வாரமே ஊசி போடவும், இனி ஒவ்வொரு ஊசிக்குப் பின்பும் அட்டையில் புதுப் படம் ஒட்டவும் உத்தரவிட வேண்டுகிறேன். எழுத்தர் மீது நடவடிக்கை வேண்டாம். "கட்டி எங்க?" என்பதை அவர் வாயால் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்கிறாள் தங்கை.

காலர் வைத்த சட்டையைத் தயவுசெய்து திருப்பித் தரவும். ஊசியன்று அவள் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கழுத்துச் சட்டை தங்களிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது யாருக்கும் பொருந்தாது.

இடம்: கடையின் வெட்டு மேசை
நாள்: ஊசி தவறியதற்கு மறுநாள்

இப்படிக்கு, பதிலை எதிர்த் தெருவிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்
(கையொப்பம்)
தாய்மாமன்